ஏவலும் வினாவும்
(நேர்காணல் ஆய்வில் இயந்திரத்தை வினாவும் முறை பற்றிய திறனாய்வு)

வினாவுதல் விடையிறுத்தலினும் அருமையுடைய கலை என்பதைத் தமிழிலக்கண நூலார் நன்குணர்ந்திருந்தனர். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதலியலிலேயே, வினாவும் அதற்குரிய செப்பும் வழுவாமற் காக்கப்படுதல் வேண்டும் என விதித்தார். பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவினை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாகப் பகுத்தார். நல்லூர் ஆறுமுக நாவலர் வகுத்த காண்டிகையுரையோடு அந்நூலைப் பயின்ற தலைமுறைகள் பல இந்நாட்டில் உண்டு. வினாத் தொடர் ஒன்றேயாயினும், வினாவுவான் உள்ளக்கிடக்கைக்கு ஏற்ப அதன் இயல்பு வேறுபடும் என்பதே அப்பகுப்பின் உட்கருத்தாகும்.

இற்றை நாளில் இவ்விலக்கணத்தை மீண்டும் நினைவுகூரவேண்டிய தேவை, எவரும் எதிர்பாராத ஒரு திசையிலிருந்து எழுந்துள்ளது. 2022 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் இறுதியில் சாட்ஜிபிடி பொதுமக்கள் பயன்பாட்டிற்கு வந்தபின், மனிதர் மொழியில் வினாவினால் மனிதர் மொழியிலேயே விடை தரும் இயந்திரம் எல்லார்க்கும் எளிதிற் கிட்டுவதாயிற்று. சமூகவியல், கல்வியியல், மருத்துவம், வரலாறு முதலிய துறைகளில் நேர்காணல் வாயிலாகத் தரவு திரட்டுவோர் அதனைத் தம் ஆய்வுக்குப் பயன்படுத்தத் தொடங்கினர். நேர்காணல் எழுத்துப்படிகளை வகைப்படுத்த நெடுங்காலமாக உதவிவந்த அட்லஸ்.டிஐ, மேக்ஸ்கியூடிஏ முதலிய மென்பொருள்களும் 2023 இல் இவ்வியந்திர அறிவைத் தம்முள் இணைத்துக்கொண்டன. இயந்திரத்துக்கு நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளையை ஆங்கிலத்திற் புரொம்ட் என்பர். ஈண்டு அதனை ஏவலுரை என்று வழங்குவாம். நேர்காணல் தரவுகளை ஆராய்வதற்கு எழுதப்படும் ஏவலுரைகளின் குணமும் குற்றமும் யாவை என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

ஏவலுரையும் ஓர் உரைநடைப் படைப்பே. ஆதலின் ஏனைய உரைகளைப் போலவே திறனாய்வுக்கு உரியது. ஆய்வு மாணவரிடையே பெருவழக்காகக் காணப்படும் ஏவலுரையின் வடிவத்தை எடுத்துக்காட்டாக அமைத்துக்கொள்வோம்:

“நீ தேர்ந்த சமூகவியல் ஆய்வாளன். இங்குள்ள இருபது நேர்காணல்களையும் வாசித்து, இடப்பெயர்வினால் மக்கள் அடைந்த துயரங்கள் பற்றி அவற்றில் வெளிப்படும் முக்கியமான ஐந்து கருப்பொருள்களை மேற்கோள்களுடன் தருக.”

முதல் நோக்கில் இதிற் குறையொன்றும் தோன்றாது. சொற்கள் தெளிவானவை, வேண்டுவது இன்னதென்பதும் விளங்குகின்றது. ஆயினும் நன்னூலார் கூறிய பத்துக் குற்றங்களை உரைகல்லாகக் கொண்டு உரைத்துப் பார்ப்பின், இச்சிறு உரையினுள் எத்தனை குற்றங்கள் மறைந்துள்ளன என்பது புலனாகும்.

இயந்திரத்தைத் தேர்ந்த ஆய்வாளன் என விளிப்பது வெற்றெனத் தொடுத்தலின்பாற் படும். தேர்ந்த ஆய்வாளன் எதனைச் செய்வான், எதனைச் செய்யான் என்பதைக் கூறாமற் புகழ்மொழி மாத்திரம் கூறுவதால் விளைவது சொற்பெருக்கே. பேசியவர் யாவர், எவ்வூரினர், எந்நிகழ்ச்சியைப் பற்றிப் பேசினர், ஆய்வாளர் அறிய விரும்பும் வினா எது என்பனவற்றுள் ஒன்றேனும் கூறப்படாமை குன்றக்கூறல். இவை எளிதிற் களையத்தக்க குற்றங்கள். இவற்றினும் ஆழமானவை மூன்று உள.

முதலாவது, ‘துயரங்கள்’ என்னும் சொல்லில் உள்ளது. மக்கள் அடைந்தது துயரமே என ஆய்வாளர் முன்னரே துணிந்துவிட்டார். நேர்காணல் காணச் செல்லும் மாணவனுக்கு ஆசிரியர் கூறும் முதல் அறிவுரை, விடையைத் தன்னுள் அடக்கிய வினாவைக் கேளாதே என்பதாகும். “நீங்கள் மிகவும் துன்பப்பட்டிருப்பீர்களே?” என்று கேட்டால், முதியவர் ஒருவர் மரியாதைக்காகவேனும் “ஓம் தம்பி” என்பார். மனிதரிடம் இத்தகைய வினாவைத் தவிர்க்கக் கற்றவர் இயந்திரத்திடம் அதனையே கேட்கின்றார். வினாவுவார் கருத்துக்கு இசைந்து செல்லும் சார்பு இவ்வியந்திரங்களிடம் உண்டென்பதை 2023 அளவில் வெளிவந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே, துயரத்தைத் தேடென்றால் அது துயரத்தையே கொண்டுவரும். ஆய்வாளர் இட்ட வித்தே முளைத்து, ஆய்வின் முடிபெனப் பெயர் பெறும்.

இரண்டாவது, ‘ஐந்து’ என்னும் எண். தரவில் மூன்று கருப்பொருளே இருப்பினும் இயந்திரம் ஐந்து தரும். பதினொன்று இருப்பினும் ஐந்தாகச் சுருக்கும். பவணந்தியாரின் பகுப்பு பெரிதும் உதவுவது இவ்விடத்திலேயாகும். ஆய்வாளர் இதனை அறியாவினா என எண்ணிக் கேட்கின்றார். இயந்திரமோ இதனை ஏவலாகக் கொள்கின்றது. அறியாவினாவுக்கு “இல்லை” என்பதும் விடையாகும். ஏவலுக்கு அவ்விடை இல்லை. ஏவப்பட்டதைச் செய்து முடித்தலே உண்டு. “இல்லை” என்று கூற இடந்தராத ஏவலுரை, இல்லாததையும் உண்டாக்கத் தூண்டுவதாகும். 2023 இல் நியூயோர்க் நகர வழக்கறிஞர் இருவர், சாட்ஜிபிடி தந்த முன்வழக்குகளை நீதிமன்றத்தில் மேற்கோளாகக் காட்ட, அவ்வழக்குகள் ஒருபோதும் நடந்தவையல்ல எனப் பின்னர் வெளிப்பட்டுத் தண்டம் செலுத்த நேர்ந்தமையை உலகம் அறியும். வழக்கைப் புனைய வல்ல இயந்திரத்துக்கு நேர்காணலில் இல்லாத ஒரு மேற்கோளைப் புனைதல் அரிதன்று.

மூன்றாவது, ‘வெளிப்படும்’ என்னும் வினைச்சொல். கருப்பொருள்கள் தரவினுள் முன்னரே கிடந்து, தாமாக வெளிப்படுவன போன்ற மயக்கத்தை இச்சொல் உண்டாக்குகின்றது. கருப்பொருட் பகுப்பாய்வு முறையை 2006 இல் ஆறு படிகளாக வகுத்துரைத்த பிரவுண், கிளார்க் என்னும் இருவரும் இம்மயக்கத்தையே கடிந்துரைத்தனர். கருப்பொருள் என்பது ஆய்வாளர் தம் வினாவோடும் அறிவோடும் தரவை மீண்டும் மீண்டும் வாசித்து ஆக்கிக்கொள்வது என்பது அவர் கொள்கை. ஆக்கும் பொறுப்பை ஏற்காது, வெளிப்பட்டது எனக் கூறுவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும். இயந்திரத்தின்பால் அதனை ஏற்றிவிடுதல் மேலும் எளிது.

இனி, இக்குற்றங்கள் நம் மண்ணில் எத்தகைய தீங்கை விளைக்கக்கூடும் என்பதை நோக்குவாம். 1995 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுவாசலை விட்டுத் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். சாவகச்சேரியின் வீடுகளும் கோயில்களும் பாடசாலைகளும் அவர்களால் நிரம்பின. 1996 ஏப்பிரலில் தென்மராட்சி இராணுவத்தின் வசமானபின் அவருட் பெரும்பாலோர் வலிகாமம் மீண்டனர். 2000 ஆம் ஆண்டிற் போர் சாவகச்சேரியிலேயே மூண்டபோது, நகரம் இடிபாடாக, முன்னர் இடமளித்தவர் தாமே இடம்பெயர்ந்தனர். ஆகவே தென்மராட்சியில் வாழும் முதியவர் ஒருவர் ‘இடப்பெயர்வு’ என்னும்பொழுது இருவேறு காலங்களையும் இருவேறு நிலைகளையும் குறித்தல் கூடும். ஒன்றில் அவர் விருந்தோம்பியவர். மற்றொன்றில் விருந்தாகச் சென்றவர். அயலவரோடு ஒரே கிணற்றிற் பல குடும்பங்கள் நீர் அள்ளிய கதையும், அதனால் எழுந்த பிணக்கும், பின் அதுவே உறவாகிய பாங்கும் முன்னதில் இடம்பெறலாம். ‘இடப்பெயர்வினால் மக்கள் அடைந்த துயரம்’ என்னும் ஏவலுரை இவை அனைத்தையும் வடிகட்டி அகற்றிவிடும். எஞ்சுவன ஆண்டு மயங்கிய அழுகுரல்கள் சிலவே. உண்மையில் அம்மக்கள் வாழ்ந்த வாழ்வு அதனினும் பெரிது.

அடுத்தது மொழி பற்றியது. இணையத்தில் உள்ள தமிழ் எழுத்திற் பெரும்பகுதி தமிழ்நாட்டு வழக்கையும் பொது எழுத்து வழக்கையும் தழுவியது. அதனைப் பயின்ற இயந்திரம் யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிற் பிறழ்தல் கூடும். எடுத்துக்காட்டுக்காக யாமே அமைத்த சில தொடர்களை நோக்குக. “ஆறுதலாத்தான் நடந்து வந்தனாங்கள்” என்பார் ஒருவர். விரையாது நடந்தோம் என்பது பொருள். பிறவூர்த் தமிழை அளவாகக் கொண்டால் அவர் மன ஆறுதலோடு நடந்தார் என்றாகும். “அப்பா எங்களுக்குப் பேசினவர்” என்றால் தந்தையார் கடிந்துகொண்டார் என்பது நம்மூரில் எவர்க்கும் விளங்கும். உரையாடினார் எனக் கொள்வார் பிறர். “எங்களுக்கு அது காணும்” என்பதில் உள்ள போதும் என்ற பொருளும், “அவை எங்களோட இருந்தவை” என்பதில் உயர்திணைக்கு நின்ற ‘அவை’யும் அத்தகையனவே. இவற்றைக் கூறாது விடுதலே மேற்காட்டிய குன்றக்கூறலின் மெய்யான விலையாகும்.

இவற்றினும் நுட்பமானவை இரண்டு உள. அறத்தோடு தொடர்புடையவை அவை. “பாலத்தடியில சனம் நெரிபட்டதாம்” என்று ஒருவர் கூறுவாராயின், இறுதியில் நின்ற ‘ஆம்’, தாம் கண்டதன்று, பிறர் சொல்லக் கேட்டது என்பதைப் புலப்படுத்துகின்றது. ஓரெழுத்துக் குறையின் சாட்சியமும் செவிவழிச் செய்தியும் ஒன்றாகிவிடும். தமிழில் எடுத்த நேர்காணலுக்கு ஆங்கிலத்திற் சுருக்கம் வேண்டும் ஏவலுரைகளில் முதலில் உதிர்வது இந்த ‘ஆம்’ ஆகும். மற்றொன்று, எழுவாய் தோன்றா நிலை. “இரவு வந்து கூட்டிக்கொண்டு போட்டினம்” என்று ஒரு தாய் கூறுகின்றார். யார் வந்தனர்? அவர் கூறவில்லை. கூற அஞ்சினாரோ, கூறத் தேவையில்லை எனக் கருதினாரோ, உண்மையில் அறியாரோ, நாம் அறியோம். தமிழிலக்கணம் அவ்வெழுவாயை மறைத்துவைக்க அவர்க்கு இடந்தருகின்றது. சுருக்கம் எழுதும் இயந்திரமோ, வாக்கியம் நிறைவுறவேண்டி ஒரு பெயரை அவ்விடத்தில் நிரப்புதல் கூடும். எந்தப் பெயரை நிரப்பினும் அத்தாய் கூறாத குற்றச்சாட்டை அவர் வாயில் வைத்ததாகும்.

நம் பதிப்பாசிரியர் மரபு இவ்விடத்தில் நமக்கு நல்லாசான். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இற் கலித்தொகையை அச்சேற்றியவர். செல்லரித்த ஏடுகளோடு வாழ்நாளெல்லாம் போராடியவர். ஏட்டிற் சிதைந்த இடத்தைச் சிதைந்ததாகவே காட்டுதல் நல்ல பதிப்பின் இலக்கணம். தம் புலமையால் ஓசை குன்றாமல் ஒரு சீரை இட்டு நிரப்ப வல்லவரும், அவ்வாறு நிரப்பாதிருத்தலே பதிப்பறம். நேர்காணலில் உள்ள மௌனமும் அத்தகைய சிதைவிடமே. அதனை நிரப்பாதே என்று இயந்திரத்துக்கு வெளிப்படையாகக் கூறுதல் ஏவலுரை எழுதுவோரின் தலையாய கடமையாகும்.

இவ்வளவும் குற்றங்கூறல். குற்றங்கூறியவன் திருத்தமும் காட்டுதல் முறையாதலின், மேற்கண்ட ஏவலுரையை இரண்டாகப் பிரித்து அமைத்துக் காட்டுகின்றோம். முதலாவது, ஒவ்வொரு நேர்காணலுக்கும் தனித்தனியே கொடுக்கத்தக்கது:

“கீழுள்ளது தென்மராட்சியில் வாழும் ஒருவரின் நேர்காணல், யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழில் அமைந்தது. வரிகளுக்கு எண் இடப்பட்டுள்ளது. ‘வி’ என்பது வினாவியவர். ‘ம’ என்பது மறுமொழி தந்தவர். என் ஆய்வு வினா: 1995, 2000 ஆகிய ஆண்டுகளின் இடப்பெயர்வுகளில் வீடு, உறவு, அயல் என்பன பற்றி இவர் யாது கூறுகின்றார்? இதற்கு இயைபுடைய ஒவ்வொரு பகுதியையும் ஓரெழுத்தும் மாற்றாது, வரியெண்ணுடன் எடுத்துத் தருக. எந்த ஆண்டு பற்றியது, தாம் கண்டதா, கேட்டதா எனக் குறிக்குக. தெளிவில்லையெனின் ‘குறிப்பிடவில்லை’ என எழுதுக. செய்தவர் யாரெனச் சொல்லப்படாத இடத்தில் ஊகித்து நிரப்பாதே. பொருள் ஐயமான சொற்களைத் தனிப்பட்டியலாகத் தருக. இயைபுடைய பகுதி இல்லையெனின் ‘இல்லை’ என்று கூறுக. இப்பொழுது கருப்பொருள் வகுக்காதே.”

இவ்வாறு பெற்றவற்றை ஆய்வாளர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியபின் கொடுக்கத்தக்கது இரண்டாவது:

“திருத்திய பகுதிகள் கீழே உள. இவற்றைத் தொகுக்கக்கூடிய வழிகளைக் கூறுக. தொகுதிகளுக்கு எண் வரையறை இல்லை. ஒவ்வொரு தொகுதிக்கும் சார்பான பகுதிகளோடு மாறான பகுதிகளையும் வரியெண்ணுடன் தருக. எத்தொகுதியிலும் அடங்காதவற்றை அடங்காதன எனத் தனியே வைக்குக.”

இவ்வமைப்பின் காரணங்களைச் சுருங்கக் கூறுவாம். நேர்காணல்களைத் தனித்தனியே கொடுப்பது, நெடிய உரையின் நடுப்பகுதியை இவ்வியந்திரங்கள் தொடக்கத்தையும் இறுதியையும் போலக் கவனிப்பதில்லை என 2023 இல் வெளியான ஆய்வொன்று காட்டியமையால் ஆகும். வரியெண் வேண்டுவது சரிபார்த்தற்பொருட்டு. இயந்திரம் தந்த மேற்கோளைக் கணினியின் தேடற் கட்டத்தில் இட்டு மூலக் கோப்பிலே தேடினால், அஃது உண்மையா புனைவா என்பது நொடிப்பொழுதில் வெளிப்படும். மாறானவற்றை வேண்டுவது, இசைந்து செல்லும் சார்புக்கு மாற்றாகும். எடுத்தலையும் தொகுத்தலையும் இரு படிகளாக்கியது, இடையில் மனிதர் ஒருவர் வாசிப்பதை உறுதிப்படுத்தவே.

ஏவலுரை எழுதுமுன் ஆய்வாளர் இரண்டு மூன்று நேர்காணல்களைத் தாமே கையால் வகைப்படுத்தி வைத்தல் இன்றியமையாதது. பின்னர் இயந்திரம் தந்ததை அதனோடு ஒப்பிட்டு, எங்கு வேறுபடுகின்றதெனக் கண்டு, ஏவலுரையைத் திருத்துக. அதே ஏவலுரையை மறுமுறையும் கொடுத்துப் பார்க்க. இரு விடைகளும் வேறுபடுமாயின் அவ்வேறுபாடும் ஒரு செய்தியே. இறுதியாகப் பயன்படுத்திய ஏவலுரையை முழுமையாக ஆய்வேட்டிற் சேர்த்தலும் வேண்டும். அளவுகோலைக் காட்டாது அளவை மட்டும் கூறுவாரை அறிவுலகம் நம்பாது.

இவ்வளவு தொல்லை எதற்கு, பழைய முறையிலே கையாற் செய்துவிடலாமே என்பாரும் உளர். அவர் கூற்றில் உண்மை உண்டு. இருபது நேர்காணலே உள்ள மாணவன் அவற்றைத் தானே பன்முறை வாசித்தல் எல்லாவற்றினும் சிறந்தது. ஆயினும் தரவு பெருகுமிடத்து நிலைமை வேறு. நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றிய கலந்தாலோசனைச் செயலணி 2016 இல் நாடெங்கும் மக்களிடம் கருத்தறிந்து, 2017 சனவரியில் தன் அறிக்கையை வெளியிட்டது. அதற்குக் கிடைத்த கருத்துரைகள் 7306. நூலக நிறுவனம் போன்றோர் வாய்மொழி வரலாறுகளை எண்ணிமத்திற் சேர்த்துவருகின்றனர். இத்தகைய பெருந்தொகுதிகளை ஒரு வாழ்நாளில் மீள மீள வாசிக்க எத்தனை பேரால் இயலும்? வாசிக்கப்படாது பெட்டியில் உறங்கும் குரலும் இழந்த குரலே. தேடித் தரும் ஏவலாளாக இயந்திரம் பயன்படுமிடம் உண்டு. தீர்ப்புக் கூறும் நடுவராக அதனை இருத்துதலே தவறு.

மற்றொரு சாரார், ஏவலுரை நீளுந்தோறும் நன்றாகும் என எண்ணிப் பக்கம் பக்கமாக எழுதுவர். அது மிகைபடக்கூறல். ஒன்றோடொன்று முரணும் கட்டளைகள் மலிந்து, மாறுகொளக் கூறலாகவும் முடியும். சுருங்கக் கூறுக என ஓரிடத்தும், எதனையும் விடாதே என மற்றோரிடத்தும் எழுதப்பட்ட ஏவலுரைக்கு இயந்திரம் எவ்வாறு பணியும்? கட்டளை ஒவ்வொன்றும் ஒரு குறித்த பிழையைத் தடுத்தற்கென அமைதல் வேண்டும். அவ்வாறு காரணங் காட்டவியலாத கட்டளையை நீக்கிவிடலாம்.

ஏவலுரை எத்துணைச் சிறந்ததாயினும் அதனால் தீராத கடமையொன்றும் உண்டு. நேர்காணலை இயந்திரத்தில் இடுதல், பெரும்பாலும் அதனை வேற்றுநாட்டிலுள்ள ஒரு நிறுவனத்தின் கணினிக்கு அனுப்புவதாகும். இந்நாட்டில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. சட்டம் ஒருபுறமிருக்க, தம் வீட்டு விறாந்தையில் நம்மை இருத்தித் தேநீர் தந்து மனந்திறந்த ஒருவரின் பெயரையும் ஊரையும் உறவினர் பெயரையும் நீக்காது அனுப்புதல் நம்பிக்கைக் கேடாகும். இயந்திரம் கொண்டு ஆராயப்படும் என்பதை முன்னரே விளக்கி அவர் இசைவைப் பெறுதலும், இசையாதாரின் உரையைக் கையாலேயே ஆராய்தலும் நேரிய வழி.

நம் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவர் பலர், ஒலிப்பதிவுக் கருவியோடு தம் ஊர் முதியவர் முன் என்றோ ஒருநாள் அமர்வர். அப்பொழுது அவர் கேட்கும் வினா பணிவுடையதாக, விடையைத் திணியாததாக, மௌனத்துக்கும் இடந்தருவதாக இருத்தல் வேண்டுமெனக் கற்பிக்கின்றோம். பின்னர் அறைக்கு மீண்டு இயந்திரத்துக்கு எழுதும் ஏவலுரையும் அதே வினாவின் தொடர்ச்சியே ஆதலின், அப்பண்புகள் யாவும் அதற்கும் உரியன. அறியாவினாவை அறியாவினாவாகவே கேட்கும் நேர்மையுடையார்க்கு இக்கருவி நன்கு பயன்படும். அந்நேர்மை இல்லார்க்கு இயந்திரம் அவர்தம் எண்ணத்தையே மக்கள் குரலெனத் திருப்பித் தரும். அதனை மறுத்துரைக்க அம்மக்கள் அவ்வறையில் இரார்.